மலையிலிருந்து இறங்கி ஒரு தீவுக்கு: குருசடையா, பிச்சாவரமா, பூவாறா?

அத்தை கடலுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். மாமா இறந்த வருடம், ராமேஸ்வரத்தில் காரியம் செய்வதற்காக. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, பிண்டம் கரைத்து, சாயங்காலமே வண்டி ஏறிவிட்டார்கள். போன மாதம் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: "கடல்ல குளிச்சேன்மா, கடலைப் பார்க்கல."

அன்றைக்கு எங்கள் வீட்டில் முடிவானது இது. படகில் ஏறி ஒரு தீவுக்குப் போக வேண்டும், மணலில் உட்கார வேண்டும், அன்றே கரை திரும்ப வேண்டும். போகிறவர்கள் ஏழு பேர். அத்தைக்கு 68 வயது, வலது முழங்கால் மடங்காது. பிள்ளைகளில் ஒருவனுக்கு 12, சின்னவளுக்கு 8. நாத்தனார் வீட்டுக்காரருக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஐம்பது தடவை இறங்கினாலும் தலை சுற்றாது, ஆனால் படகு என்றால் பயம். நானும் என் கணவரும் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில் இருக்கிறோம், இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒரு மாதமாக நாலைந்து இடங்களை எடைபோட்டுப் பார்த்தோம். எங்களைப் போல மலையிலிருந்து கடலுக்கு இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் தூரம். கொடையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தீவு எதுவும் இல்லை. படகுப் பயணம் ஒரு நாள்தான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இரவு வேண்டும். குருசடைக்குப் படகு ஏற வேண்டிய பாம்பன் சுமார் 280 கிலோமீட்டர். மலை இறங்கி மதுரை போகவே நாலு மணி நேரம் ஆகிவிடும், அங்கிருந்து இன்னும் மூன்றரை மணி. விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் பாம்பன் போய்ச் சேர முடியும். சிதம்பரம் பக்கம் பிச்சாவரம் 350 கிலோமீட்டருக்கு மேல். கேரள எல்லையில் பூவாறு 400-ஐத் தாண்டும். திரும்பும்போது இரவில் மலை ஏற வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். பெருமாள் மலைக்கு மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால், பகலெல்லாம் வெயிலில் கிடந்து களைத்துப்போன ஓட்டுநரின் கண்ணுக்கு அது நல்லதல்ல. வத்தலக்குண்டிலோ மதுரையிலோ தங்கிவிட்டுக் காலையில் ஏறுவதுதான் சரி.

ரயிலில் போக நினைத்தால் கொடை ரோடு நிலையத்தில் ஏறி மதுரையில் மாறலாம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரைக்கும் மறுபடி ரயில் ஓடுகிறது. 1914-இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இதைக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய ஈர்ப்பு. ஆனால் அத்தையின் முழங்காலை வைத்துக்கொண்டு நடைமேடைப் படிகளில் ஏறி இறங்குவது சிரமம், அதனால் நாங்கள் காரில்தான் போகப்போகிறோம்.

தூரத்தைவிடப் பெரிய விஷயம் காற்று. எந்தத் தீவு அழகு, எங்கே மணல் வெள்ளை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு படிந்து கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வந்துவிட்டால் தலைகீழ்: வடகடல் சீறும், தென்கடல் அடங்கும். பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு விதமான கடல் தெரியும். நம் பக்கத்திலும் அப்படித்தானே? பழனி பக்கச் சரிவில் வெயில் காயும்போது இங்கே மழை கொட்டும்.

இப்போது இதை நம் நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல், மே என்பது கொடையில் சீசன். அறை விடுபவர், டாக்சி ஓட்டுபவர், சாக்லேட் கடை, பழக்கடை வைத்திருப்பவர் யாரும் மலையை விட்டு நகர முடியாது, வருஷத்துப் பாதி வருமானம் அப்போதுதான். நமக்குக் கை ஓய்வது ஜூலை, ஆகஸ்ட். அப்போது தென்கடல் சரியில்லை. டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் ராமநாதபுரம் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் அப்போதுதான் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் அந்த மாதத்துப் புயல்தான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மலைக்காரர்களுக்கு மிஞ்சுவது பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரைக்கும் உள்ள சனி, ஞாயிறுகள். மழை ஓய்ந்து, தென்கடல் அடங்கி, வெயிலும் கொளுத்தாத காலம்.

அந்தக் காலத்துக்குப் பொருத்தமான இடம் குருசடைத் தீவு. எங்கள் முடிவும் அதுதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து குந்துகாலுக்குப் போகும் சாலை கடலில் முடிகிறது. சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கால் வைத்த இடம் அது. அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்துதான் வனத்துறை படகு விடுகிறது. தீவு கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும், அதனால் படகில் இருக்கும் நேரம் குறைவு. படகுப் பயம் உள்ளவருக்கும் வயதானவருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் என்று கணக்கு. 1986-இல் இவற்றைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஆக்கினார்கள். இன்றைக்கு அதில் இரண்டு தீவுகள் தண்ணீருக்கு அடியில். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருடம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் தீவு கரைந்துபோனது. இதை என் பையனுக்குச் சொன்னபோது, "சோலையை வெட்டினா ஓடை வத்துற மாதிரியா?" என்று கேட்டான். ஆமாம், அதே மாதிரிதான். பவளம் என்பது கல் இல்லை, உயிர். கடல் அளவுக்கு மேல் சூடானால் தன் உடம்புக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2016 கோடையில் இங்கே பெரிய அளவில் அப்படி வெளுத்தது.

குருசடை இந்தத் தீவுகளில் தனித்துப் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் காலத்திலேயே மதராஸ் மீன்வளத் துறை இங்கே கடல் உயிரியல் நிலையம் வைத்திருந்தது. விலங்கியல் படித்தவர்கள் பலனோகிளாசஸ் என்ற புழுவைக் கேள்விப்பட்டிருப்பார்கள். முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள உதவும் உயிர் என்று பாடத்தில் வரும். அது குருசடை மணலில் வாழ்கிறது. சுற்றிலும் கடற்புல் படுகைகள். அந்தப் புல்லை மேய்வது கடற்பசு, அந்தப் பக்கத்தில் ஆவுளியா என்கிறார்கள். அதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள், மீனவர்களுக்கே எப்போதாவதுதான் தென்படும். பவளம், நட்சத்திர மீன், கடல் அட்டை, பல நிறச் சிறு மீன்கள், கரையோரம் அலையாத்தி மரங்கள்: இவையே அரை நாளுக்குப் போதும்.

ஆனால் ஒன்று. குருசடை குளிக்கப் போகும் கடற்கரை அல்ல. மணலில் நடக்கலாம், பார்க்கலாம், வழிகாட்டி விடும் இடத்தில் கால் நனைக்கலாம். ஓடி விழுந்து விளையாடலாம் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். சங்கு, பவளத் துண்டு எதையும் எடுத்து வரக்கூடாது. 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. சின்னவள் சிப்பி பொறுக்க முடியாது என்று கேட்டதும் முகம் வாடினாள். குறிஞ்சிப் பூவைப் பறித்து பைக்குள் போட்டுக்கொண்டு போனவர்களைப் பற்றி அவளேதான் ஒரு நாள் கோபமாக வந்து சொன்னாள். அதை ஞாபகப்படுத்தியதும் ஒத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் விருந்தாளியை வரவேற்கும் ஊரில் இருக்கிறோம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வர இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஏன் இதெல்லாம் வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பைன் காட்டிலும் ஏரிக்கரையிலும் பொறுக்குவது நாம்தான். அதனால் இன்னொருவர் ஊருக்கு நாம் போகும்போது எப்படிப்பட்ட விருந்தாளி நம் ஊருக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அப்படிப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டுப்பாடு உள்ள, ஆள் எண்ணி அனுப்பும் இடத்தை நான் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீரும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாழை இலையில் கட்டிய சாப்பாடு கரையில் வண்டியிலேயே இருக்கட்டும். தீவுக்குத் தண்ணீர் மட்டும் போதும்.

பிள்ளைகள் குளிப்பதற்கு மத்தியானத்துக்கு மேல் அரியமான் கடற்கரை இருக்கிறது. உச்சிப்புளிக்குப் பக்கம், பாக் நீரிணைக் கரையில், சவுக்குத் தோப்பு நிழலோடு. பிப்ரவரிக்குள் வாடை தணிந்திருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் பயமில்லாமல் விடலாம். சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருக்கிறதா என்று கரையில் இருக்கும் மீனவரைக் கேட்டுவிட்டு இறக்குங்கள். பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும்.

பிச்சாவரத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. அத்தையின் முழங்கால் ரொம்பவும் படுத்தினால் அதுதான் எங்கள் மாற்று. அங்கே கடல் அலை இல்லை. அலையாத்திக் காட்டுக்கு நடுவே கால்வாய் கால்வாயாகத் தண்ணீர், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை, துடுப்புப் படகும் உண்டு. படகு ஆடாது, வாந்தி வராது, வெயிலுக்கு மரக்கிளை குடை பிடிக்கும். வருடத்தில் பெரும்பாலான நாள் போகலாம், கனமழை நாட்கள் தவிர. காட்டுக்கு அப்பால் எம்ஜிஆர் திட்டு, அதற்கு அப்பால் கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தத் திட்டு கடுமையாக அடிபட்டது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பின. மரம் ஊரைக் காத்த கதையை நேரில் பார்த்துச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இங்கேதான் வளர்கிறது. பிள்ளைகள் அதன் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. அத்தைக்கு நடராஜர் தரிசனமும் கிடைக்கும். குறை ஒன்றுதான்: அத்தை கேட்டது கடல். பிச்சாவரத்தில் தொடுவானம் தெரிவதற்கு முன் படகு திரும்பிவிடும்.

பூவாறு இணையத்தில் படங்களால் மனதை இழுக்கிறது. நெய்யாறு கடலில் சேரும் கழிமுகம், தென்னை, தங்க நிற மணல்திட்டு, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அரபிக்கடல். ஆற்றில் போகும்போது சொர்க்கம்தான். ஆனால் கடல் பக்கம் கரை சரேலென்று இறங்கும், அலை காலை வாரும், குளிக்கக்கூடாது. தென்மேற்குப் பருவமழை நேரடியாக அடிக்கும் கரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நினைக்கவே வேண்டாம். பெரும்பாலும் தனியார் படகுகள், பேரம் பேசித்தான் ஏற வேண்டும்.

இந்தப் பேரத்தில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு கழிமுகத்தில், ஊர் பேர் வேண்டாம், ஒரு படகுக்காரரிடம் ஏழு பேருக்கு என்று பேசி ஏறினோம். நடுவழியில் இன்னொரு குடும்பத்தையும் ஏற்றினார். உயிர்காப்புக் கவசம் பெரியவர்களுக்குத்தான் இருந்தது, அப்போது நாலு வயதான என் பையனுக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் கரையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து இன்னொரு 22 பேர் போனார்கள், அதில் பலர் குழந்தைகள். அதனால் எந்த ஊராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் படகில் கால் வைக்காதீர்கள். எத்தனை பேருக்கு அனுமதி, பிள்ளைக்குப் பொருந்தும் கவசம் உண்டா, கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்புகிறது. பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

உடுப்பிக்குப் பக்கம் மால்பேயிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரீஸ் தீவையும் நாத்தனார் சொன்னார். எரிமலைக் குழம்பு குளிர்ந்து ஆறு பக்கத் தூண்களாக நிற்கும் பாறைகள் அங்கே இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கொடையிலிருந்து அது தனிப் பயணம், இந்தக் கணக்கில் வராது.

ஜூலை, ஆகஸ்டில்தான் உங்களுக்கு ஓய்வு என்றால், குருசடையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். காற்றடிக்கும் நாளில் படகை நிறுத்திவிடுவார்கள், 280 கிலோமீட்டர் வந்து குந்துகாலில் நின்று தீவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த மாதங்களில் தொண்டிக்குப் பக்கம் காரங்காடு நல்லது. பாக் நீரிணைக் கரை, அலையாத்திக் காட்டுக்குள் படகு, வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். தீவு மணல் கிடைக்காது, ஆனால் அமைதியான கடல் கிடைக்கும். மீன் சாப்பிடுவதுதான் முக்கிய ஆசை என்றால் இன்னொரு தேதியையும் மனதில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும்.

ஆக, நாங்கள் பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை விடியலில் இறங்கி, இரவு மண்டபம் ஊரில் தங்கல். சனிக்கிழமை காலை முதல் படகு, ஏனென்றால் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் படகு உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்வோம். காற்று கெடுத்தால் படகு இல்லாமலே அரியமானில் நாள் முழுக்க இருப்போம், அதையும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

படகுப் பயம் உள்ளவரைப் படகின் நடுவில் உட்கார வைத்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். போனைக் குனிந்து பார்த்தால்தான் தலை சுற்றும். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரிக் கிழங்கும் கூடாது. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. இன்னொன்று, நம் உடம்பு ஏழாயிரம் அடிக் குளிருக்குப் பழகியது. காலை எட்டு மணிக்கே அங்கே வேர்த்து ஊற்றும், தாகம் தெரிவதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ஸ்வெட்டரைக் காரிலேயே விட்டுவிட்டுப் பருத்தித் துணி, முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் நனையும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அத்தைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இப்போதே பிரித்துவிட்டோம்.

ராமேஸ்வரம் பக்கமே மறுபடி போகிறோம் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. மாமா ஞாபகம் வந்து அத்தைக்கு மனசு கனக்குமோ என்று. எடுத்து வைக்க வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன், கோயிலுக்கும் போகலாமா அத்தை, எள் ஏதாவது எடுத்துக்கவா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எள்ளு வேணாம்மா. அது போன தடவை. கேரட்டு ரெண்டு கிலோ எடுத்துக்க, படகுக்காரப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்."